ஊருக்கு மேலே வந்தவன்

என் வேலையே பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான். கோவில்பட்டியில் ஒரு கடலை மிட்டாய்க் கம்பெனியில் ஆன்லைன் ஆர்டர் பிரிவு என்று ஒரு மேஜையும் ஒரு கம்ப்யூட்டரும் உண்டு. மேஜைக்கும் நான்தான், பிரிவுக்கும் நான்தான். காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும், என் மிட்டாய் எங்கே வருகிறது என்று நாடு முழுக்க ஆட்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நாக்பூரில் இருக்கிறது சார், நாளை மறுநாள் வந்துவிடும் சார் என்று சொல்வேன். சொன்னபடி வந்தும் விடும். அதனால் போன பங்குனியில் கனடாவிலிருந்து என் புருஷன் வர வேண்டியிருந்தபோது, அவனையும் ஒரு பார்சலாகவே நினைத்துக்கொண்டேன்.

அவன் என்று சொல்வதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஊருக்கு முன்னால் அவர், அவிய எல்லாம் உண்டு. இந்தக் கதையில் அவன் பண்ணிய காரியத்துக்கு அவன் என்பதே கூடுதல் மரியாதை.

பெயர் மாரிசெல்வம். வான்கூவருக்குப் பக்கத்தில், வீடு மாதிரி பெரிய லாரிகளை ரிப்பேர் பார்க்கும் பட்டறையில் வேலை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். சேர்ந்து இருந்தது இருபத்தோரு நாள். இருபத்திரண்டாம் நாள் அவன் பிளேன் ஏறிவிட்டான், என் விசா ஏதோ ஒரு நாக்பூரில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. நான் பிறந்தது புதியம்புத்தூரில், தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவில். வாக்கப்பட்டது நாகலாபுரத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஊரில். ஊர்ப் பெயரைச் சொன்னால் எங்கள் பெரிய மாமா சண்டைக்கு வருவார். சொல்லவில்லை.

அந்த ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு ஒரு சட்டம் உண்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். கட்டும் நேரத்தில் எல்லைக்குள் இருப்பவர், அடுத்த செவ்வாய் பொங்கல் முடியும் வரை ஒரு ராத்திரிகூட வெளியே தங்கக் கூடாது. எல்லைக்கு வெளியே இருப்பவர் அதுவரைக்கும் உள்ளே காலடி வைக்கக் கூடாது. கலெக்டரே வந்தாலும் தார் ரோட்டில் நின்று பேசிவிட்டுப் போக வேண்டியதுதான்.

முந்தின வருஷம் ஊரில் ஒரு சாவு விழுந்து பொங்கல் நின்றுபோனது. அதனால் இதுதான் எனக்கு முதல் பொங்கல். புது மருமகள் முளைப்பாரி எடுப்பாள் என்று என் மாமியார் பாண்டியம்மாள் நேர்ந்துகொண்டுவிட்டார், ஆக நான் உள்ளேதான் இருந்தாக வேண்டும். மாரிசெல்வத்துக்குக் கிடைத்த லீவு பத்தே நாள். திங்கட்கிழமை வந்து, அடுத்த வியாழக்கிழமை திரும்புவதாக டிக்கெட். செவ்வாய் சாயங்காலத்துக்குள் அவன் ஊருக்குள் நுழைந்துவிட்டால் பத்து நாளும் எனக்கு. நுழையாவிட்டால், பதிமூவாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவன் நாகலாபுரத்தில் எவன் வீட்டு மாடியிலாவது படுத்துக் கிடப்பான், நான் இங்கே முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பேன்.

காப்புக் கட்டினால் விரதம், தனித்தனிப் பாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் அதற்கு மேல் எதற்கும் ஆசைப்படவில்லை. அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அடுத்த அறையில் இருமினால் எனக்குக் கேட்க வேண்டும். ஒன்றரை வருஷமாக அவனைக் கையகல போனில் பார்த்து, அவன் உயரம் எவ்வளவு என்பதே மறந்துபோயிருந்தது.

ஒரு நாள் முன்னாலேயே வருவதால் கவலையில்லை என்று எல்லாரும் நம்பினோம். ஞாயிற்றுக்கிழமை மதியம், கனடாக் கணக்கில் நடுராத்திரி தாண்டி, பிளேன் கிளம்பியது. அதற்கு முன்னால் அவன் கடைசியாகச் சொன்னது, லீவுக்கு ஈடாக ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கிறேன், போனை எடுக்க முடியாது, இனி வழியில்தான் பேசுவேன் என்பது. நான் பிளேன் எண்ணைப் போட்டு போனில் பிடித்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிப் பிளேன், நீலக் கடலோரமாக நகர்ந்துகொண்டிருந்தது. ஐயோ, அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார், அத்தையைப் பார்த்து மாமா சிரித்தார், கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ஆட்கள் என்ன சிரிப்பு என்று பார்க்க வந்து, அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

என் மாமனார் சங்கரபாண்டிக்குத்தான் பிளேனின் போக்கு பிடிக்கவில்லை. தெற்கே இருக்கும் ஊருக்கு வருகிறவன் எதற்காக நேரே வடக்கே போகிறான் என்று கேட்டார். நம்ம மினிபஸ்காரன் மாதிரி வழியில் ஆள் ஏற்ற ஊர் ஊராகச் சுற்றுகிறானோ என்று சந்தேகப்பட்டார். பூமி உருண்டை மாமா, மேலே ஏறி இறங்குவதுதான் கிட்டம் என்றேன். நம்பவில்லை. அடுப்படியில் இருந்த பூசணிக்காயை எடுத்துவந்து, ஒரு பக்கத்தில் கனடா என்றும் எதிர்ப்பக்கம் நாகலாபுரம் என்றும் சுண்ணாம்பால் பொட்டு வைத்து, நூல் சுற்றிக் காட்டினேன். காம்புப் பக்கமாகப் போன நூல்தான் குட்டையாக இருந்தது. மாமா அதை நாலு தடவை அளந்து பார்த்துவிட்டு, பைலட் யோக்கியன்தான் என்று ஒத்துக்கொண்டார். அத்தை ஓடிவந்து காயைப் பிடுங்கினார். அது மகன் வந்ததும் கண்ணேறு கழித்து உடைப்பதற்காக வாங்கிய காயாம்.

பிளேன் பனிப் பிரதேசத்துக்கு மேல் போனபோது அத்தை கும்பிட்டு விபூதி பூசிக்கொண்டார். போன் திரையிலும் லேசாக ஒரு கீற்றுப் பூசினார். ரஷ்யாவைத் தாண்டியதும் எல்லாருக்கும் காபி போட்டோம். டெல்லிக்குப் பக்கத்தில் அது வந்தபோது விடிய நேரமிருந்தது. நான் மட்டும் பாயில் படுத்தபடி பார்த்தேன். சக்கரம் தரையைத் தொட்டது என்று போன் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டேன். அவனிடமிருந்து சேதி ஒன்றும் வரவில்லைதான். அவனிடம் இருந்தது கனடா சிம், இங்கே வேலை செய்யாது, வைஃபை இருந்தால்தான் உயிர். டெல்லியில் வைஃபை கிடைத்திருக்காது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அவன் கூப்பிட்டான். நான் தலைக்குக் குளித்து, பச்சைச் சேலை கட்டி, வாசலில் பெரிய கோலம் போட்டுவிட்டு நிற்கிறேன். சென்னைக்கு வந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"பிரேமா, ஒரு சின்னப் பிரச்சினை. நா வான்கூவர் ஏர்போர்ட்டுல நிக்கேன். பிளேன் நேத்தே போயிருச்சாம்."

டிக்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு நாற்பது என்று போட்டிருந்தது. சனிக்கிழமை ராத்திரியே அவன் போயிருக்க வேண்டும். ஞாயிறு ராத்திரி பன்னிரண்டு நாற்பது என்று எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாடும் சாப்பிட்டு, மூன்று பெட்டியோடு நிதானமாகப் போயிருக்கிறான். எங்கள் பக்கத்தில் நாள் மாறுவது பொழுது விடிந்தால்தான். நடுராத்திரி தாண்டி ஒரு மணிக்குப் பிள்ளை பிறந்தாலும் அது முந்தின நாள் பிள்ளை. நடுச்சாமத்தில் பால் குடம் எடுத்தாலும் முந்தின நாள் கணக்கு. உலகத்தில் மற்றவர்களுக்கு இருட்டுக்குள்ளேயே நாள் மாறிவிடும் என்பது மூன்று வருஷம் கனடாவில் இருந்தும் அவனுக்கு உறைக்கவில்லை.

நான் கத்தியதில் வாசல் வேம்பில் இருந்த காக்காய் எல்லாம் பறந்துபோயின. அத்தை நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்தார்.

"அப்பம் நேத்து பூரா நாம யாருக்குட்டி கும்பிட்டோம்?"

எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. விபூதி பூசி, காபி குடித்து, பூசணிக்காயில் நூல் சுற்றி, ராத்திரி முழுக்கக் கண்விழித்து நாங்கள் கூட்டிவந்த பிளேனில் அவன் இல்லவே இல்லை. யாரோ முன்னூறு பேரைப் பத்திரமாக டெல்லியில் இறக்கிவிட்டிருக்கிறோம். எவர் பெற்ற பிள்ளைகளோ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததே என்று மாமா பெருந்தன்மையாகச் சொன்னார். அதன் பிறகுதான் மூன்று பேருக்கும் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்து, சிரிப்பு நின்றது.

நல்லவேளையாக அடுத்த பிளேனிலேயே அவனுக்கு இடம் கிடைத்தது. டெல்லி வந்து, சென்னை வந்துவிடலாம். சென்னையிலிருந்து தூத்துக்குடி வரும் காலை பிளேன்களும் மதுரை பிளேனும் நிறைந்துவிட்டன. செவ்வாய் சாயங்காலம் ஐந்து முப்பத்தைந்துக்குத் தூத்துக்குடியில் இறங்கும் பிளேன் ஒன்றுதான் இருந்தது. அங்கிருந்து கார் பிடித்து ஊருக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காப்புக் கட்டும் நல்ல நேரமோ ஐந்தே முக்காலுக்கு முடிந்துவிடும்.

நானும் மாமாவும் கோயிலுக்குப் போனோம். கோயில் என்றால் கோபுரம் இல்லை. எங்கள் அம்மன் கூரையை ஏற்காத அம்மன். மூன்று தடவை கூரை போட்டு மூன்று தடவையும் காற்றில் போனதால் வெட்டவெளியில் ஒரு பீடம், அதன் மேல் அம்மன் சிலை, ஒரு வேம்பு, சுற்றி மைதானம். அங்கே சீரியல் பல்பு கட்டுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார் பெரிய மாமா வேல்ராஜ். என் மாமனாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன், ஊர்த் தலைவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை, கல்யாண போட்டோவில்கூட வாயை இறுக்கிக்கொண்டுதான் நிற்பார். அடுத்த நல்ல நேரம் ஏழரைக்கு இருக்கிறதே, அதில் கட்டினால் என்ன என்று மாமா இழுத்தார்.

"ஒருத்தனுக்காக நேரத்த மாத்துனா, நாளைக்கு துபாய்க்காரன் கேப்பான், திருப்பூர்க்காரன் கேப்பான். கட்டுத நேரத்துக்கு எல்லைக்குள்ள இருந்தா அவன் உள்ளூரு. இல்லன்னா வெளியூரு. அம்புட்டுதான்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுத் திரும்பிவிட்டார். நான் திரும்பவில்லை. அந்த மைதானத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே தூத்துக்குடி பிளேன் போனது. அது தினமும் போவதுதான். மிளகாய்ப் பழம் பறிக்கிற பெண்கள் அதைப் பார்த்துத்தான் வேலையை முடிப்பார்கள். சென்னையிலிருந்து வந்து, எங்கள் கண்மாய்க்கு மேலே தாழ ஆரம்பித்து, தெற்கே இறங்கும். நாளைக்கு அதே பிளேனில் அவன் வருவான். என் வாய் என்னைக் கேட்காமலே பேச ஆரம்பித்தது.

"பெரிய மாமா, நாளைக்கு இதே பிளேன்லதான் அவிய வாராவ. காப்புக் கட்டும்போது நம்ம ஊருக்கு மேல இருந்தாவன்னா, அது எல்லைக்குள்ளயா, வெளியவா?"

பல்பு கட்டியவன் ஏணியில் நின்றபடி திரும்பிப் பார்த்தான். பெரிய மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எல்லை என்பது மண்ணில் இருப்பது, ஆகாயத்தில் ஏது எல்லை என்றார். பொம்பளைப் பிள்ளை கோயில் விஷயத்தில் பேசுவதா என்றும் முணுமுணுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குப் புத்தி நன்றாக வேலை செய்யும்.

"போன ஐப்பசியில மேகம் நம்ம கம்மாய்க்கு மேல வந்து நின்னுட்டு, பக்கத்து ஊர்ல போயி பெஞ்சுச்சு. நம்ம ஊருக்குள்ள வந்த மேகத்த அவிய இழுத்துட்டுப் போயிட்டாவன்னு நீங்கதான மாமா சண்டைக்குப் போனீங்க. மேகம் மேல வந்தா ஊருக்குள்ள வந்த மாதிரின்னா, மனுசன் மட்டும் எப்படி வெளியூரு?"

மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் போடுகிற ஊரில் மேகத்தின் மேல் உரிமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? அந்தச் சண்டை போலீஸ் ஸ்டேஷன் வரை போனது ஊருக்கே தெரியும். பெரிய மாமா மீசையைத் தடவினார். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அன்று ராத்திரிக்குள் ஊர் ரெண்டு கட்சியாகிவிட்டது. மேலே இருப்பது உள்ளேதான் என்பது ஒரு கட்சி. கால் மண்ணில் படாமல் எப்படி உள்ளூர் என்பது இன்னொன்று. கட்டிலில் படுத்திருப்பவனுக்கும் கால் மண்ணில் படவில்லையே, அவன் வெளியூரா என்று மாமா கேட்டாராம். கூரையே வேண்டாம், வானம்தான் வேண்டும் என்று சொன்ன அம்மனுக்கு வானத்தில் எல்லை இருக்காதா என்று அத்தை தண்ணீர்க் குழாயடியில் கேட்டதில் பெண்கள் மொத்தமும் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் பெரிய மாமா தீர்ப்புச் சொல்லி அனுப்பினார். நல்ல நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் பிளேன் வந்து, நாலு எல்லைக்கும் உள்ளே தலைக்கு மேல் நிற்கும்போது முடிச்சு விழுந்தால், மாரிசெல்வம் உள்ளூர். ஒரு முழம் தள்ளிப் போனாலும் வெளியூர்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவன் சென்னை ஏர்போர்ட் வைஃபையில் வந்தான். இந்தத் தடவை யாரும் நம்பத் தயாராக இல்லை. பிளேனில் ஏறி சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார் அத்தை. நான் தீர்ப்பு விவரத்தைச் சொல்லி, சன்னல் பக்கம் உட்கார், முழித்துக்கொண்டிரு, கீழே பார் என்று நாலு தடவை பாடம் எடுத்தேன். முப்பது மணி நேரமாகத் தூங்காத குரலில் சரி சரி என்றான்.

பிளேன் சென்னையில் கிளம்பும்போதே கால் மணி நேரம் தாமதம். மைதானத்தில் ஊர் மொத்தமும் கூடிவிட்டது. மேளம் அடித்தது. வடக்கே, காய வைத்த மிளகாய்ப் பழம் சிவப்பாகக் கிடக்கும் களங்களுக்கு அப்பால், வானம் வெறுமையாக இருந்தது. பூசாரி யோகராஜ் மஞ்சள் கட்டிய காப்புக் கயிற்றைப் பீடத்தில் அம்மன் கையைச் சுற்றிப் போட்டு, ரெண்டு நுனியையும் பிடித்தபடி நின்றார். ஒரு இழுப்பு இழுத்தால் முடிச்சு. அவர் அப்பாவுக்குப் பிறகு அவர் கட்டும் முதல் காப்பு அது. முகமெல்லாம் வேர்த்திருந்தது. பெரிய மாமா வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் போனில் மஞ்சள் பிளேனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே வந்தது. புதூர்ப் பக்கம் வந்தது. நல்ல நேரம் முடிய நாலைந்து நிமிஷம்தான் இருந்தது.

முதலில் சத்தம் வந்தது. பிறகு கண்மாய்க் கரைக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்தது. அது ஒரு முழம்கூட விலகாமல், கோயிலைக் குறிவைத்த மாதிரி வந்தது. ஊர் ஒரே ஆளாகத் தலையைத் தூக்கியது. மாமா துண்டைக் கழற்றி வீசினார். பெண்கள் குலவை போட்டார்கள். அத்தை ரெண்டு கையையும் தூக்கி, "ஏலே மாரி" என்று கூப்பிட்டார், அவ்வளவு உயரத்துக்கும் கேட்டுவிடும் என்பது போல. மேளக்காரர்கள் அடிப்பதை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றார்கள். பெரிய மாமாகூட அண்ணாந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்திருந்தார்.

நான் மட்டும் மேலே பார்க்கவில்லை. முடிச்சு விழுகிறதா என்று பூசாரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றின் ரெண்டு நுனியும் அவர் விரலில் அப்படியே இருந்தன. அவரும் அண்ணாந்து பிளேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுங்க, கட்டுங்க என்று கத்தினேன். குலவைச் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பீடத்துக்குப் போவதற்குள், பிளேன் வேம்பைத் தாண்டி, மடையைத் தாண்டி, தெற்கே சிறிதாகிவிட்டது. குலவை நின்றது. எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"கட்டியாச்சாலே?" என்று பெரிய மாமா கேட்டார்.

யோகராஜ் அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். பெரிய மாமா வாட்சைப் பார்த்தார். ஐந்தே முக்கால் தாண்டிவிட்டது.

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஊரே சேர்ந்து கும்மாளம் போட்டு என் புருஷனைத் தலைக்கு மேலே தாண்டவிட்டுவிட்டது. தலைக்கு மேலே வந்தபோது அந்தப் பிளேனையாவது நன்றாகப் பார்த்திருக்கலாம், அதையும் விட்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பச்சைச் சேலை முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் சத்தமாக அழுதேன்.

நல்ல நேரம் தவறியது என்ன குத்தமோ என்று சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெரிய மாமா பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பூசாரியைத் திட்ட வேண்டாம், தானும்தான் மேலே பார்த்தேன் என்று சொன்னார். அந்த மனுஷன் தன் தப்பைச் சொல்லி ஊர் கேட்டது அன்றைக்குத்தான்.

"விட்ட நேரத்துல கட்டக் கூடாது. ஏழரைக்குக் கட்டுவோம். அதுவரைக்கும் ஊருக்கு எல்லையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வாரவன் வரலாம்."

எனக்கு அது விளங்கவில்லை. அழுதுகொண்டேதான் இருந்தேன். அத்தை வந்து என் தோளில் நறுக்கென்று கிள்ளினார்.

"ஏட்டி, எந்திரி. ஏழரைக்குள்ள அவன் வந்துருவாம்லா."

நான் எழுந்த வேகத்தில் அத்தை கீழே விழப் பார்த்தார். அவரைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். பெரிய மாமாவின் காலில் விழுந்தேன், யோகராஜ் காலில் விழப் போனபோது அவர் பயந்து பின்னால் நகர்ந்தார். அத்தனை பேர் நடுவில் வெட்கம் என்ற ஒன்று எனக்கு இருந்ததாக நினைவில்லை. பிறகு ஊர் மேற்கு எல்லையில், தார் ரோடு திரும்பும் இடத்துக்கு ஓடினேன். அங்கே வேப்பங்குலை கட்டிய ஒரு கயிறு ரோட்டுக்குக் குறுக்கே தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. போனில் அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். வைஃபை இல்லாத அந்த சிம் செத்துக் கிடந்தது.

ஏழே காலுக்கு ஒரு டாக்சி வந்தது. கயிற்றுக்கு நாலடி முன்னால் நின்றது. இறங்கினான். அவ்வளவு உயரமா இவன் என்றுதான் முதலில் நினைத்தேன். சட்டையெல்லாம் கசங்கி, கண் ரெண்டும் சிவந்து, மூன்று பெட்டியையும் இறக்கி ரோட்டில் வைத்தான். டாக்சிக்காரன் போனபிறகும் அங்கேயே நின்றான். பதிமூவாயிரம் கிலோமீட்டர் வந்தவன், கடைசி ஒரு அடியை எடுத்து வைக்காமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன் அங்கன நிக்க?" என்றேன். குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரி இருந்தது.

"நீ முழிச்சிருக்கச் சொன்ன. நா சன்னல்ல சாஞ்சதும் தூங்கிட்டேன் பிரேமா. கண்ணத் தொறந்தா தூத்துக்குடி. தூங்கிட்டே வந்தவன் ஊருக்குள்ள இருந்ததா எப்படிக் கணக்கு? செல்லாதுல்லா. நாகலாபுரத்துல எறங்கிருவோம்னுதான் நெனச்சேன். ஒன்னய ஒரு தடவ இங்கன நின்னு பாத்துட்டு, மினிபஸ்ல திரும்பிப் போயிருவோம்னு வந்தேன்."

அவனைத் திட்டுவதற்கு ரெண்டு நாளாக நான் சேர்த்து வைத்திருந்தது அவ்வளவும் மறந்துபோனது. ஊர் மொத்தமும் மேலே பார்த்து அவனைக் கூப்பிட்டபோது அவன் தூங்கியிருக்கிறான், நான் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இனி ஒருத்தரை ஒருத்தர் பார்க்க எவனுடைய தீர்ப்பும் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. காப்புக் கட்டவில்லை, எல்லை இல்லை, உள்ளே வா என்று அவனிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. கயிற்றைத் தாண்டி நானே வெளியே போனேன். அவன் பதறிப்போய், தாண்டாதே, தாண்டாதே என்று ரெண்டு கையையும் நீட்டினான். நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டேன். அது சூடாக இருந்தது.

மைதானத்தில் மறுபடியும் மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். பெட்டிகளை ரோட்டிலேயே விட்டுவிட்டு ரெண்டு பேரும் கயிற்றைத் தாண்டி ஊருக்குள் ஓடினோம்.